சோளகத்தில் ஒரு சைக்கிள் பாதை

இலங்கையில் சைக்கிளில் ஊர் சுற்ற விரும்புகிறவர்கள் நேரே மலையகத்துக்குத்தான் போகிறார்கள். கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியா, அங்கிருந்து வெலிமடை, பண்டாரவளை, எல்ல. காலில் இன்னும் பலம் இருந்தால் அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட். தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் அந்த வீதிகளின் அழகில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அமைதியைத்தான் அங்கே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விடுமுறை நாளில் நுவரெலியா வீதியில் சைக்கிள் மிதித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ், அதன் பின்னால் சுற்றுலா வான், ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் கான். மூச்சு வாங்க மணிக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகிறவருக்கு ஒதுங்க ஒரு முழம் இடம் இல்லை.

அமைதியான வீதி வேண்டுமென்றால் மலையை விட்டிறங்கி வடமேற்கே வர வேண்டும். மதவாச்சியிலிருந்து வரும் ஏ-14 வீதி, வயலையும் காட்டையும் கடந்து, தள்ளாடியில் கடலுக்குள் இறங்கி, தாம்போதி வழியாக மன்னார்த் தீவில் ஏறுகிறது. நகரத்திலிருந்து தலைமன்னார் வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். எந்த இடத்திலும் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றருக்கு மேல் உயராத மணல் தீவு. ஏற்றம் என்று சொல்லத்தக்கவை பாலமும் ரயில் கடவைகளும்தான்.

அதை நம்பி, கியர் இல்லாத சைக்கிளோடு ஆடி மாதத்தில் வந்திறங்குகிறவரை மன்னார் சும்மா விடாது. மலைநாட்டுக்காரருக்கு ஏற்றம் எதுவோ, அதுதான் மன்னாருக்குக் காற்று. இந்தத் தீவில் சைக்கிள் ஓட்டக் கற்பதென்பது காற்றைக் கற்பது. அதைக் கற்றுக்கொண்டவருக்கு இலங்கையில் இதைவிட நல்ல சைக்கிள் வீதிகள் கிடையாது என்பது என் தீர்மானமான எண்ணம். இப்படியே இவை நெடுநாள் இருக்கப்போவதில்லை என்ற கவலையும் உண்டு. இந்தக் கட்டுரையை எழுத வைத்தவை அந்த எண்ணமும் இந்தக் கவலையும்தான்.

குறுக்கே வீசும் காற்று

தீவு கிடக்கும் வாக்கை வரைபடத்தில் பாருங்கள். மன்னார் நகரம் தென்கிழக்கு முனையில், தலைமன்னார் வடமேற்கு முனையில். மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. மார்கழி, தை மாதங்களின் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆக, ஆண்டின் இரண்டு பெருங்காற்றுகளும் தலைமன்னார் வீதியைக் குறுக்கேதான் வெட்டுகின்றன. மலையில் ஏறிய களைப்பை இறக்கம் தீர்த்துவைக்கும். இங்கே போகும்போதும் பக்கக் காற்று, திரும்பும்போதும் பக்கக் காற்று. முதுகில் பிடித்துத் தள்ளும் காற்றுக்காக ஏங்கியபடியே பேசாலை வந்துவிடும்.

பக்கக் காற்று எதிர்க்காற்றை விட ஆபத்தானது. சோளகக் காலத்தில் மன்னாரிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் போகிறீர்கள் என்று வையுங்கள். காற்று இடது தோளில் அடிக்கிறது. வீதியின் இடதுகரையில் போகும் உங்களை அது நடுவீதிக்கு, பின்னால் வரும் பஸ்ஸின் வழிக்குத் தள்ளுகிறது. திரும்பி வரும்போது காற்று வலப்பக்கம். விழாமல் இருக்க உடம்பையும் சைக்கிளையும் வலப்பக்கம் சற்றுச் சரித்துப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறீர்கள். அந்த நேரம் ஒரு லொறி முந்திக்கொண்டு போகிறது. லொறி பக்கத்தில் வந்த கணத்தில் காற்று நின்றுபோகிறது. சாய்ந்திருந்த உடம்பைத் தாங்க எதுவும் இல்லை. சைக்கிள் லொறியின் பக்கமாகவே சரிகிறது. லொறி கடந்ததும் காற்று மறுபடி ஓங்கி அடித்து, உங்களை வீதியோரத்து மணலுக்குள் தள்ளுகிறது. இரண்டு விநாடிக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். தீவுப் பாடசாலைப் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். பின்னால் பெரிய வண்டியின் இரைச்சல் கேட்டதும் ஹாண்டிலை இறுக்காமல், முழங்கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. காற்றே சொல்லிக் கொடுத்திருக்கும்.

இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் நெருங்கி வரும் காற்று, இந்தத் தாழ்ந்த தீவின் மேல் தடையில்லாமல் ஓடுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். காற்றாலை கட்டுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் ஒரே கணக்கைத்தான் பார்க்கிறார்கள், எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய ‘தம்பபவனி’ காற்றாலைப் பண்ணையில் 30 கோபுரங்கள். மொத்தம் 103.5 மெகாவாற். ஒவ்வொரு விசிறியும் 126 மீற்றர் விட்டம். தாழ்வுபாட்டுப் பக்கம் சைக்கிளில் போகும்போது, விசிறி எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்தே அன்றைய பயணத்தைத் தீர்மானித்துவிடலாம்.

காற்றையே மலையாக எடுத்துக்கொண்ட இன்னொரு நாடு நெதர்லாந்து. அந்த ஒல்லாந்தர்தான் 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள். 1560இல் எழுந்த கோட்டையை 1696இல் திருத்திக் கட்டியவர்களும் அவர்களே. இன்றைக்கு அவர்களுடைய நாட்டில், புயல் காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து ஒரு சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். 2013இல் தொடங்கியது. கடலை மறித்துக் கட்டிய ஓஸ்டர்ஸ்கெல்ட அணையின் மேல், 8.5 கிலோமீற்றர், முழுவதும் எதிர்க்காற்று. கியர் இல்லாத சாதாரண வீட்டுச் சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும். ஊரில் உள்ள காற்றைக் குறையாக நினைக்காமல், அதைப் பார்க்கவும் ஓட்டவும் ஆட்களை வரவழைத்திருக்கிறார்கள். மன்னார்த் தாம்போதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போட்டி ஞாபகம் வரும்.

தாம்போதியில் விடியல்

தாம்போதி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளம். 1930இல் கட்டிய பழைய பாலம் 1990இல் போரில் தகர்க்கப்பட்டது. இருபது ஆண்டுகள் ஒட்டுவேலையில் ஓடி, இப்போதுள்ள பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. விடியற்காலை ஐந்தரைக்குத் தள்ளாடிப் பக்கமிருந்து தொடங்கினால், வாகனங்கள் வரத் தொடங்குமுன் தீவில் ஏறிவிடலாம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். கார்த்திகை முதல் மாசி வரை அதில் பூநாரைகள் நிற்கும். பத்தும் இருபதுமல்ல, நல்ல ஆண்டில் ஆயிரக்கணக்கில். காரில் போகிறவர் கண்ணாடியை இறக்குமுன் தாம்போதி முடிந்துவிடும். சைக்கிளில் போகிறவருக்கு அவற்றின் கத்தல் காதில் விழும். தலையைத் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்தி, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே ஒரே திசையில் மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். ஊசிவால் வாத்துகளும் கரண்டிவாயன்களும் கடற்காகங்களும் கூடவே.

தாம்போதிக்குத் தெற்கே விரியும் வங்காலைச் சரணாலயம், 4,839 ஹெக்டேயர் பரப்பு, 2010இல் ராம்சார் சாசனத்தில் சேர்க்கப்பட்ட ஈரநிலம். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பூட்டி விட்டார்கள். அவை ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை பறந்ததை அந்தக் கருவி காட்டியது. அவ்வளவு தூரம் பறந்து வரும் பறவை இறங்கும் இடத்துக்கு, இரைச்சலில்லாத வண்டியில் போவதுதான் மரியாதை.

நகருக்குள் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தையைச் சுற்றி நெரிசல். அதைத் தாண்டிப் பள்ளிமுனைக்குத் திரும்பினால் பெருக்க மரம். அறபு வணிகர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்த மரத்தின் அடிச்சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். உயரமோ எட்டு மீற்றர்கூட இல்லை. அதன் கீழ் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படலாம்.

தாராபுரத்து உள்வீதிகள்

நகரத்தை விட்டு வடமேற்கே போகும்போது பெரும்பாலானவர்கள் ஏ-14ஐயே பிடித்துக்கொண்டு தலைமன்னார் வரை போய்விடுகிறார்கள். அது பிழையான வழி. போருக்குப் பின் காப்பெற் போட்ட அந்த வீதியில் வாகனங்கள் பறக்கின்றன. எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் இருக்கும் பகுதியில் பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்க வேண்டும். அங்கேதான் தீவு தொடங்குகிறது.

தாராபுரத்து ஒழுங்கைகள் அகலமில்லாதவை. கொங்கிறீற் போட்ட துண்டு, அதன் பின் தார், அதன் பின் வெறும் மணல். இரண்டு பக்கமும் ஓலை வேலியோ மதிலோ, மேலே பனை, இடையிடையே தென்னை. பள்ளிவாசல், பாடசாலை, சிறிய பலசரக்குக் கடை. காலை ஏழு மணிக்கு இந்த ஒழுங்கைகளில் போகிற வண்டிகளில் அதிகம் சைக்கிள்தான். வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாய் இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகள், கரியரில் மீன்பெட்டி கட்டிய வியாபாரி, ஹாண்டிலில் பால்போத்தல் பையைக் கொழுவிய முதியவர். நான் வழிமாறி நின்றபோதெல்லாம் யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “எங்க போகணும்?” என்று கேட்டிருக்கிறார். கார்க்காரரை யாரும் அப்படிக் கேட்க முடியாது, அவர் நிற்பதில்லை.

இந்த உள்வீதிகளின் அமைதியை ரசிக்கிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் கையில் தூக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு கரையில் காத்திருந்து, வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. இங்கே வீடுகளுக்குள் உடைமரம் முளைத்தது. ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்தன. 2009க்குப் பிறகுதான் பெருமளவில் திரும்பி வரத் தொடங்கினார்கள். காடு வெட்டி, வேலி கட்டி, வழக்காடி, இடத்தை மீட்டார்கள். புத்தளத்திலும் இங்குமாக இரண்டு வீடு வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. ஆளில்லாத காலத்தின் அமைதி ஒன்று இருந்தது. அது மறுபடி யாருக்கும் வேண்டாம். இன்று பிள்ளைகளின் சைக்கிள் மணியோடு இருக்கும் இந்த அமைதி, திரும்பி வந்தவர்கள் உண்டாக்கியது. வெளியூர்ச் சைக்கிள்காரர் இந்த ஒழுங்கைகளில் மெதுவாகப் போக வேண்டியதற்கு இது போதுமான காரணம்.

உடைமரத்தைச் சொன்னேன். மன்னாரில் காற்றுக்கு அடுத்த எதிரி உடைமுள்தான். மணலில் காய்ந்து கிடக்கும் முள், மெல்லிய ரயரை ஊசி போலத் துளைத்துவிடும். அப்படியொரு காலை, பின்சில்லில் காற்றுப் போய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, தாராபுரத்தில் ஒரு சைக்கிள் கடை கண்ணில் பட்டது. தகரக் கூரை, வாசலில் கட்டித் தொங்கவிட்ட பழைய ரயர்கள், உள்ளே தலைகீழாக நிற்கும் இரண்டு லுமாலா சைக்கிள்கள்.

“நானா, முள்ளுப் போல கிடக்கு.”

“இறக்குங்க தம்பி, பாப்பம்.”

சில்லைக் கழற்றவில்லை. ரயரின் ஒரு பக்க விளிம்பை இரண்டு இரும்புத் துண்டால் நெம்பி, ரியூபை வெளியே இழுத்தார். பம்பால் நாலு அடி காற்று. பேசின் தண்ணீரில் ரியூபை முழமுழமாக அமிழ்த்திக்கொண்டே போனார். குமிழி வந்த இடத்தைப் பெருவிரலால் பொத்தி, துடைத்து, பென்சிலால் குறி வைத்தார். நான் ஒட்டுப் போடுவார் என்று பார்த்தேன். அவர் அதைத் தொடவில்லை. ரியூபை அப்படியே ரயரின் மேல் வைத்து, வால்வை அதன் துளைக்கு நேரே பொருத்தி, ஓட்டைக்கு நேரே ரயரின் உட்பக்கத்தைச் சுட்டுவிரலால் மெல்லத் தடவினார். நின்றார். குறட்டை எடுத்து, அரை அங்குலம்கூட இல்லாத கறுத்த முள் நுனியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார்.

“ஒட்டுப் போடுறது பெரிய வேலையில்ல தம்பி. இத எடுக்காமப் போட்டா, பேசாலைக்குப் போறதுக்குள்ள திரும்பவும் காத்துப் போயிரும்.”

அதன் பிறகுதான் அரத்தால் தேய்த்து, சொலூசன் பூசி, அது காயும் வரை பொறுத்து, ஒட்டுப் போட்டார். எவ்வளவு விலையுள்ள சைக்கிளில் வந்தாலும் உங்களை அடுத்த ஊருக்கு அனுப்பிவைப்பவை இந்தக் கடைகள்தான். தீவில் ஊருக்கு ஒன்றாவது இருந்தவை, மோட்டார் சைக்கிள் பெருகியதால் குறைந்துகொண்டு வருகின்றன. சைக்கிள் சுற்றுலா என்று யாராவது திட்டம் போட்டால், அதன் முதல் வரியில் இவர்கள் இருக்க வேண்டும்.

எருக்கலம்பிட்டியின் வடகரைக்குப் போனால் வீதி முடிந்து கடல் தொடங்கும். அலையில்லாத கடல், சேற்று வாசம், கண்டல் பற்றைகள். சோளகக் காலத்தில் இந்தப் பக்கம் ஊரும் பனையும் காற்றை மறைத்து நிற்கும். வாடைக் காலத்தில் தென்கரை அப்படி ஒதுக்காக இருக்கும். தீவுக்காரர் இதைப் பார்த்தே பாதை மாற்றுகிறார்கள். சோளகத்தில் வடக்குப் பக்க ஒழுங்கைகள், வாடையில் தெற்குப் பக்கம். வரைபடச் செயலி சொல்லும் குறுக்குவழியை விட இந்தக் கணக்கு நம்பத்தக்கது.

பேசாலையும் அதற்கு அப்பாலும்

பேசாலையில் வெற்றி நாயகி ஆலயத்தின் முன் நின்றுவிட்டுக் கடற்கரைக்கு இறங்க வேண்டும். கருவாட்டு வாடை வீதிக்கே வரும். இங்கிருந்து தலைமன்னார் வரை வீதியும் ரயில் பாதையும் அக்கம்பக்கமாகப் போகின்றன. ஊர்கள் ஐதாகி, பனையும் உடையும் மணலும்தான். பேசாலைக்கு அப்பால் வாகனமும் குறைந்துவிடுவதால் இந்தத் துண்டில் பிரதான வீதியிலேயே போகலாம்.

1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டு, சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம் என்றானது. மலையகத் தோட்டங்களுக்கு ஆட்கள் போனதும் இந்த வழியில்தான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. கால் நூற்றாண்டுக்குப் பின், 2015 மார்ச் 14ஆம் திகதி, புதிதாகப் போட்ட பாதையில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தலைமன்னாரில் கொடியசைத்து ரயிலை அனுப்பிவைத்தார். பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் இன்றும் கடலுக்குள் நிற்கின்றன. வெளிச்சவீட்டடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றால், தனுஷ்கோடி கடல்வழியே ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். மிதித்து வந்த தூரமும் அவ்வளவுதான்.

திரும்பும் வழியில், காற்று இடம் கொடுத்தால், தென்கரை. நடுக்குடா, ஓலைத்தொடுவாய், தாழ்வுபாடு, கீரி. எல்லா இடத்திலும் தொடர்ச்சியான வீதி இல்லை. கிறவல் பாதையும் மணலும் மாறி மாறி வரும். மெல்லிய ரயர் புதையும். தடித்த ரயர் போட்டுக் காற்றைச் சற்றுக் குறைத்தால் போகலாம். தடை போட்ட இடத்தில் திரும்பிவிட வேண்டும். தாழ்வுபாட்டுக் கரையில் பின்னேரம் கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கிடைத்தால், அன்றைக்கு அதற்கு மேல் வேறெதுவும் வேண்டியதில்லை.

பொழுதுபட்ட பின் தீவில் சைக்கிள் ஓட்டாதீர்கள். கழுதைகள் காரணம். முன்னொரு காலத்தில் பொதி சுமக்கக் கொண்டுவரப்பட்டு, இன்று யாருக்கும் சொந்தமில்லாமல் நூற்றுக்கணக்கில் அலையும் இந்தப் பிராணிகள், இரவில் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துவிடுகின்றன. சாம்பல் நிறம், இருட்டில் தெரியாது. அவற்றின் மேல் ஏறி விழுந்தவர்களும் உண்டு, வாகனம் மோதிக் காலுடைந்த கழுதைகள் அதைவிடக் கூட.

பெருநிலப்பரப்பில் இரண்டு பாதைகள் மட்டும் சொல்கிறேன். ஒன்று, தாம்போதி தாண்டி மாந்தையில் திரும்பித் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவித் தீர்த்தக் கரையில் களைப்பாறி, உயிலங்குளம் வழியாகக் கட்டுக்கரைக் குளம் போகலாம். குளக்கட்டில் மிதிக்கும்போது ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கதிர் முற்றிய வயல். மாசி மாதத்தில் அதைப் பார்க்க வேண்டும். மற்றது, வங்காலையிலிருந்து கடலோரமாகத் தெற்கே, அருவியாற்றைக் கடந்து அரிப்புக்கு. அங்கே ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையே கட்டிய மாளிகையின் எச்சம், கடலரிப்பில் துண்டு துண்டாகக் கரையில் விழுந்துகொண்டிருக்கிறது. முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் தங்கிய இடம். இன்னும் எத்தனை சோளகத்துக்குத் தாங்குமோ. சிலாவத்துறைக்குத் தெற்கே யானை நடமாட்டம் உள்ளதால், வெயில் சாயுமுன் திரும்பிவிட வேண்டும்.

யாருடைய வீதி

2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது சைக்கிள் விலை பல மடங்கு ஏறியது. கொழும்பில் அலுவலகம் போகிறவர்களும் சைக்கிளில் ஏறினார்கள். வடக்குக்கு அது புதிதல்ல. போர்க்கால எரிபொருள் தடையில் நோயாளியையும் விறகையும் பிணத்தையும் சுமந்தது சைக்கிள்தான். தட்டுப்பாடு தீர்ந்ததும் தெற்கு மறந்துவிட்டது. மன்னார் மறக்கவில்லை, மீனவரும் பாடசாலைப் பிள்ளையும் கூலிக்காரரும் இன்றும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஏ-14இல் ஒரு வெள்ளைக்கோடுகூட இல்லை. காப்பெற் வீதியின் ஓரம் நாலு விரல் உயரத்தில் மணலுக்குள் இறங்குகிறது. சோளகம் தள்ளும்போது அந்த விளிம்பில் சில்லு இறங்கினால் விழுவது நிச்சயம்.

இப்போது தீவின் மேல் வேறு திட்டங்களும் வருகின்றன. 2025 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, பறவை என்று அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் கேட்கப்பட வேண்டியவை. அதில் இதையும் சேர்க்கிறேன். மணல் லொறியும் கோபுரப் பாகம் ஏற்றிய பாரவண்டியும் உள்வீதிகளில் ஓடத் தொடங்கினால், ஒரு மாரிக்குள் ஒழுங்கை குழியாகும். பிள்ளைகள் சைக்கிளை விட்டுவிட்டு ஓட்டோவில் போவார்கள். போன சைக்கிள் திரும்பி வராது.

புதிய வீதி எதுவும் கேட்கவில்லை. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1992இல் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கப் பொறியியலாளர் ஒருவர், நிலத்தடிப் பாதைச் சந்திகளுக்கு எண் போட்டு வழி கண்டுபிடித்த பழக்கத்தை நிலத்துக்கு மேலே கொண்டுவந்தார். கிராமத்து அமைதியான சிறுவீதிகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு எண் பலகை. அடுத்த எண் எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி. 1995இல் தொடங்கிய அந்த முறை இன்று பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பரவியிருக்கிறது. இருக்கிற வீதியைச் சைக்கிளுக்கென்று அடையாளப்படுத்தியதுதான் அவர்கள் செய்த வேலை. அடையாளம் வந்த பின் அந்த வீதிகளைப் பழுதாக்க யாருக்கும் எளிதில் துணிவு வராது.

மன்னாருக்கு இது அப்படியே பொருந்தும். தள்ளாடியில் ஒன்றாம் எண். பள்ளிமுனை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை, தலைமன்னார் என்று தொடரலாம். ஒவ்வொரு கம்பத்திலும் மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர், அருகிலுள்ள சைக்கிள் கடை, குடிதண்ணீர் கிடைக்கும் இடம், சோளகத்தில் எந்தப் பக்கம், வாடையில் எந்தப் பக்கம். உள்வீதிகள் பிரதேச சபையின் பொறுப்பில், நகருக்குள் நகர சபையின் பொறுப்பில் இருக்கின்றன. அவர்களால் முடியாத செலவல்ல. வீதி அபிவிருத்தி அதிகார சபை செய்ய வேண்டியது, ஏ-14இன் இரு கரையிலும் மணலை நிரவி விளிம்பைச் சரிவாக்கி, ஒரு மீற்றருக்குக் கோடு போட்டுக் கொடுப்பது. ரயில் திணைக்களம், தலைமன்னார் ரயிலில் சைக்கிள் ஏற்ற ஒழுங்கான இடம் ஒன்றை ஒதுக்கட்டும். வீதியோரம் நிழல் மரம் நட ஊர்ப் பாடசாலைகள் போதும். வேம்பும் பூவரசும் இந்த மணலில் நன்றாக வளர்கின்றன.

வர நினைக்கிறவர்கள் தை நடுவிலிருந்து பங்குனி வரை வாருங்கள். மாரி முடிந்து, பறவைகள் போகாமல், வாடை தணிந்துவரும் காலம். விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் நிறுத்துங்கள். இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், மூன்று லீற்றர் தண்ணீர், வெயிலுக்கு முழுக்கைச் சட்டை. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் ஊர் உங்களை ஏற்றுக்கொள்ளும். தேநீரையும் சாப்பாட்டையும் நகரத்தில் முடிக்காமல் ஊர்க் கடைகளில் வாங்குங்கள். அந்தக் காசுதான் இந்த வீதிகளைக் காப்பாற்றும்.

பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இருபது கம்பத்துக்கு மட்டும் காசு ஒதுக்குங்கள். முதல் கம்பத்தைத் தாராபுரத்தில் நடுங்கள்.